கவிஞருக்குப் பெண்பால் விகுதி தேவையா?

ஸ்பானிய மொழியில் கவிஞரைக் குறிக்கும் சொல் 'பொஎத்தா'. அழுத்தம் நடுவிலுள்ள எகரத்தில் விழும்; தகரம் நம் 'பத்து' போல நாக்கு பல்லைத் தொட்டு ஒலிக்கும். ஸ்பானியத்தில் உயிரற்ற பொருளின் பெயருக்கும் பால் உண்டு. ஆகார ஒலியில் முடிபவை பெரும்பாலும் பெண்பால். ஆனால் கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வழியாக வந்த இச்சொல், அப்படி முடிந்தும் நெடுங்காலம் ஆண்பாலாகவே வழங்கியது. அவன் 'எல் பொஎத்தா'. அவளுக்கோ தனியாக 'லா பொஎத்தீசா'.

இந்த விகுதியில் இலக்கணப்படி இழிவு ஏதுமில்லை. பெண் பூசாரியைக் குறிக்கும் சொல்லிலும் இதே விகுதிதான். புழக்கமே அதைச் சிறுமைப்படுத்தியது. மென்மையாக, பொழுதுபோக்காக எழுதுகிறவள் என்ற தொனி அதில் ஏறிவிட்டது. ஆகவே இருபதாம் நூற்றாண்டில் பெண்கள் பலர் அதை மறுத்து 'லா பொஎத்தா' என்றார்கள். பெயர் ஒன்றே, பாலை முன்னே வரும் சிறுசொல்லும் கூட வரும் அடையும் காட்டிவிடும். 1945இல் நோபல் பெற்ற காப்ரியேலா மிஸ்த்ரால் 'லா பொஎத்தா சிலேனா'. 1971இல் பெற்ற பாப்லோ நெரூதா 'எல் பொஎத்தா சிலேனோ'. இருவரும் சிலி நாட்டுக் கவிஞர்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் பெண்பால் விகுதியையே ஒதுக்கிவிடலாமா? 2024இல் மெக்சிகோவின் முதல் பெண் குடியரசுத் தலைவரான கிளாடியா ஷேன்பாம், தம்மைப் 'பிரெசிதெந்தே' என்றல்ல, 'பிரெசிதெந்தா' என்றே அழைக்க வேண்டும் என்றார். 1803லேயே ஸ்பானிய அகாதெமியின் அகராதியில் இடம்பெற்ற சொல் அது. ஆண்களே அமர்ந்திருந்த பதவியில், பெண் வந்திருக்கிறாள் என்று சொல்லில் கேட்க வேண்டியிருந்தது. கவிதையிலோ அவள் எப்போதும் இருந்தாள். அவளைத் தனியே ஒதுக்கியதுதான் சிக்கல். ஒருத்தி விகுதியைக் கேட்பதும் மற்றவள் மறுப்பதும் முரணல்ல.

தமிழில் 'கவிஞர்' இருபாலுக்கும் பொது. இருந்தும் 'கவிதாயினி' என்ற சொல்லை உண்டாக்கினோம். வெள்ளிவீதியாரைப் 'பெண்பாற் புலவர்' என்று கற்பிக்கிறோம். கபிலரை யாரும் 'ஆண்பாற் புலவர்' என்பதில்லை. மறைந்துபோன பெயர்களை மீட்க அந்த அடைமொழி உதவியது உண்மை. ஆனால் பாடத்திட்டத்தில் 'பெண் கவிஞர்கள்' என ஓர் அலகை ஒதுக்கிவிட்டு, மற்ற அலகுகளில் பெண் பெயரே இல்லாமல் 'தமிழ்க் கவிதை' நடத்தினால், அங்கே அந்த அடைமொழி செய்வது பொஎத்தீசாவின் வேலைதான். மாணவிகள் தங்கள் பாடத்திட்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.