தமிழ்ப் பாட்டும் தனி வரிசையும்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் பாராட்டுவோர் பலர். அவர் பாட்டு இன்றும் தேவாலயங்களிலே ஒலிக்கிறது, பாராட்டு தகும். ஆனால் பாராட்டுவோர் அவர் வாழ்வில் ஒரு பக்கத்தைப் புரட்டாமலே கடந்துவிடுகின்றனர்.

1774இல் நெல்லையிலே பிறந்தவர். சுவார்ட்சு பாதிரியாரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பட்டவர்; மன்னர் சரபோசியும் அதே பாதிரியாரிடம் பாடம் கேட்டவர்தாம். 1800இல் சாஸ்திரியார் இயற்றியது பெத்லகேம் குறவஞ்சி. குற்றாலநாதருக்காக ஏங்கிய வசந்தவல்லி நின்ற இடத்திலே இங்கே தேவமோகினி நிற்கிறாள், அவள் திருச்சபை. குறி சொல்லும் சிங்கி, விசுவாசம். சிங்கனின் வலையில் விழும் பறவைகள், மனித ஆன்மாக்கள். மேல்நாட்டுச் சமயம் காவிரிக்கரையில் வேரூன்ற வேண்டுமாயின் காவிரிக்கரையின் பண்ணிலேதான் பாட வேண்டும் என்பதை அந்தப் பாவலர் உணர்ந்திருந்தார். அதனினும் வியப்பு, கோள்கள் ஞாயிற்றைச் சுற்றும் புதிய வானியலை அவர் குறவஞ்சிக்குள்ளே பாடிவைத்தது! இராகு விழுங்கினான், கேது விழுங்கினான் என்று ஊரார் குளத்தில் மூழ்கி எழுந்த காலம் அது. சாஸ்திரக் கும்மியிலோ மூடப் பழக்கங்களைச் சாடினார். நம் மேடையில் அவர் அதைப் பாடியிருந்தால் கைதட்டியிருப்போம்.

அதே கை 1829இல் எழுதியது என்ன? சாதிக்கு வக்காலத்து!

சுவார்ட்சு காலத்துப் பாதிரிமார் சாதியை ஊர் வழக்கம் என்று விட்டுவைத்தனர். கோயிலிலே வேளாளர் ஒருபுறம், பறையர் மறுபுறம். திருவிருந்துக் கிண்ணம் ஒன்றே. முதல் மிடறு மட்டும் மேற்சாதிக்கு. பின்னர் வந்த பாதிரிமார் இதனை ஒழிக்க முற்பட்டபோது, வேளாளராகிய சாஸ்திரியார் கொதித்தெழுந்தார். புதியவர்கள் மீது அவர் சுமத்திய குற்றங்கள் நான்கு: பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றினர், தமிழ்ப் பாட்டை விலக்கினர், மணத்துக்கும் சாவுக்கும் மலர் கூடாதென்றனர், சாதி வரிசையைக் கலைத்தனர்.

முதல் மூன்றிலும் அவர் பக்கமே நாம் நிற்போம். தமிழனுக்குத் தமிழ்ப் பாட்டைத் தடுக்கச் சீமையிலிருந்து வந்தவர்க்கு என்ன உரிமை? மல்லிகை எந்த வேதத்துக்கு விரோதி? ஆனால் நான்காவதை அந்த மூன்றோடு ஒரே நாரில் தொடுத்தாரே, அங்கேதான் சூழ்ச்சி! பாட்டைப் பறித்தால் பாடுவோர் அனைவரும் இழக்கின்றனர். வரிசையைக் கலைத்தால் இழப்பவர் யார்? முன்னே அமர்ந்தவர் மட்டுமே. 'நம் பண்பாடு' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டையும் வைத்து மூடினால் பண்ணுக்குக் கிடைக்கும் மதிப்பு பள்ளத்துக்கும் கிடைத்துவிடுகிறது. புராணிகர்கள் நெடுங்காலம் செய்துவந்த வேலையும் இதுவேயன்றோ!

1833இல் பேராயர் டேனியல் வில்சன், சாதியை அறவே விட வேண்டுமென ஆணையிட்டார். விளைவு? தஞ்சையிலும் திருச்சியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் பிணங்கினர். பின்னாளில், சாதியில் மென்மை காட்டிய லைப்சிக் லூத்தரன் சங்கத்தின் பக்கம் சாய்ந்தோரும் உண்டு. அச்சங்கத்தை நடத்திய கார்ல் கிரவுல் யார் தெரியுமா? திருக்குறளைச் செருமன் மொழியில் பெயர்த்தவர்! குறளைப் படித்தும் சாதியிடம் பொறுமை வேண்டுமென்றார்.

பழங்கதை என்று தள்ளவும் வழியில்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டத்தையே சாதிச்சுவர் பிரித்தது. இந்த நூற்றாண்டிலும் அதனை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது.

பெத்லகேம் குறவஞ்சியை இனிப் பதிப்பிப்போர், 1829ஆம் ஆண்டு நூலையும் அதே கட்டில் சேர்த்து அச்சிடட்டும்.