குறை சொல்வதும் வசை சொல்வதும்

ஆண்ட்ராய்டு கைப்பேசி எதன்மீது இயங்குகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அதன் அடித்தளம் லினக்ஸ் கெர்னல் என்னும் மென்பொருளாகும். 1991-ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதைத் தொடங்கினார். இதன் நிரலை எவரும் படிக்கலாம். எவரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். இத்தகையவற்றைத் திறந்த மூல மென்பொருள் என்கிறோம்.

எவரும் அனுப்பலாம் என்பதால் எல்லாம் ஏற்கப்படும் என்று பொருளல்ல. அனுப்பிய திருத்தங்களை அனுபவமிக்க பராமரிப்பாளர்கள் சோதித்துப் பார்க்கின்றனர். ஒரு வரி பிழைத்தாலும் கோடிக்கணக்கான கருவிகள் பாதிக்கப்படலாம். ஆகவே இங்கே குறை காண்பது குற்றமன்று, கடமை.

ஆனால் குறை சொல்வதற்கும் வசை சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. 2012 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். கெர்னலில் செய்த ஒரு மாற்றத்தால், முன்பு சரியாக ஓடிய பயன்பாடுகள் கெட்டுப்போயின. தவறு அந்தப் பயன்பாடுகளுடையதே என்றார் பராமரிப்பாளர் ஒருவர். டோர்வால்ட்ஸ் வெகுண்டெழுந்து, எல்லாரும் படிக்கும்படி, வாயை மூடு என்று தொடங்கி ஏசினார். புதிய கெர்னல் பழைய பயன்பாடுகளைக் கெடுக்கக் கூடாது என்பதே அவர் வலியுறுத்திய விதி. அருமையான விதிதான். ஆனால் அந்த வசையை நீக்கிவிட்டுப் படியுங்கள். விதியின் வலிமை இம்மியும் குறையவில்லையே!

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று சிலர் இதற்குச் சமாதானம் சொல்வதுண்டு. கடுஞ்சொல்தான் தரத்தைக் காத்தது என்பது அவர்கள் வாதம். இந்த வாதம் இழப்பைக் கணக்கில் கொள்ளவில்லை. யூஎஸ்பி 3.0 கருவிகள் லினக்ஸில் இயங்குவதற்கான நிரலை எழுதியவர் அப்போது சாரா ஷார்ப் என்று அறியப்பட்ட பொறியாளர். 2013-இல் இப்போக்கை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். பின்னர் கெர்னல் பணியிலிருந்தே விலகிவிட்டார். தம் திறமைக்கு மதிப்பு இருந்தும், மனிதர் என்ற முறையில் மரியாதையைக் கேட்டுப் பெற இயலவில்லை என்ற பொருளில் 2015-இல் காரணத்தை விளக்கினார். விலகியவரை நாம் அறிவோம். ஏச்சுக்கு அஞ்சி முதல் திருத்தத்தைக்கூட அனுப்பாதவர்களை யார் கணக்கெடுப்பது? பிழையைக் கண்டவர் வாய் திறக்க அஞ்சினால், பிழை அங்கேயே தங்கிவிடும் அல்லவா?

2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸே தம் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அப்போதே புதிய நடத்தை நெறியும் ஏற்கப்பட்டது. வேலை நின்றுவிடவில்லை, ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. கடுஞ்சொற்கள் முற்றும் மறைந்துவிட்டன என்று சொல்ல முடியாவிட்டாலும், அவை இல்லாமலும் கண்டிப்பு நிலைக்கும் என்பது தெளிவு.

கடுஞ்சொல்லால் மனம் புண்படுவது மட்டுந்தானா? பாதுகாப்புக்கும் கேடு வரும். எக்ஸ்இசட் என்பது தரவுகளைச் சுருக்கும் ஒரு கருவி. அதை ஓய்வு நேரத்தில், ஊதியமின்றி, ஏறக்குறைய ஒருவரே பராமரித்து வந்தார். 2022-இல் சிலர், வேலை தாமதமாகிறது என்று அவரைக் குத்திக்காட்டி, பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைக்குமாறு நெருக்கினர். உதவ வந்த 'ஜியா டான்' என்ற பெயருடையவர் மெல்ல நம்பிக்கையைப் பெற்றார். 2024-இல் அப்பெயரில் வெளியான பதிப்புகளில் ஒரு கள்ள வாசல் மறைந்திருந்தது! அந்த ஆண்டு மார்ச்சில், கணினியில் நுழைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். நெருக்கியவர்களும் அச்சதியின் போலிப் பெயர்களே என்று பலர் ஐயுறுகின்றனர். களைத்த மனிதரைக் கடிந்து பேசுவது அங்கே வழக்கமாக இராவிட்டால், அந்தக் குரல்கள் அன்றே ஐயத்தை எழுப்பியிருக்கலாம்.

இனிக்கப் பேசிப் பிழையை மூடிவிடுவதும் நாகரிகமன்று, அதுவும் ஆபத்தே. ஒரு விமரிசனத்தைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். அது நிரலைப் பற்றியதா, நிரல் எழுதியவரைப் பற்றியதா? பிழை எங்கே என்று காட்டுகிறதா? திருத்த வழி சொல்கிறதா? நாளை நீங்களும் ஒரு திருத்தம் அனுப்பலாம். அதன்பின் பிறர் திருத்தத்தைச் சோதிக்கவும் நேரலாம். அப்போது பிழையிடம் இரக்கம் காட்டாதீர்கள், பிழைத்தவரிடம் காட்டுங்கள்.