கல்லிடம் கேட்ட இடம்

இறந்தபின் நம்மில் எஞ்சுவது ஏதேனும் உண்டா என்னும் வினாவுக்குச் சமயங்கள் உறுதியான விடைகளைத் தந்துள்ளன. இலக்கியத்தின் இயல்பு வேறு. அவ்வினா ஒரு மனிதனின் நெஞ்சில் எவ்வாறு தைத்தது, அவனைச் சூழ்ந்திருந்தோரை அது என்ன செய்தது என்பதையே இலக்கியம் காட்டும். தமிழில் இவ்வினாவை மிகக் கூர்மையாக எழுப்பிய இடம் எது என்று கேட்டால், புறநானூற்றில் 212 முதல் 223 வரை உள்ள பன்னிரண்டு பாடல்களையே சுட்டத் தோன்றுகிறது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894-இல் முதன்முதலாக அச்சேற்றிய நாள் தொட்டு, கோப்பெருஞ்சோழன் - பிசிராந்தையார் நட்பின் சான்றாகவே இப்பாடல்கள் போற்றப்பட்டு வந்துள்ளன. அப்பெருமை அவற்றுக்குத் தக்கதே. ஆயினும் அவை மரணத்தைப் பற்றிய ஒரு வாதமாகவும் அமைந்துள்ளன என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. அவ்வாதத்தின் போக்கை இக்கட்டுரையில் காண்போம்.

சோழனின் ஐயம்

உறையூர்ச் சோழனுக்கும் அவன் மக்களுக்கும் பகை மூண்டது. தந்தை மக்கள்மேல் படையெடுக்க எழுந்தான். புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் இடைப்புகுந்து தடுத்தார். நீ மறைந்தபின் இந்நாடு அவர்க்கே உரியது. அவரை வென்றுவிட்டால் யாருக்கு இதை விட்டுச் செல்வாய், தோற்றால் பகைவர் மகிழ்வார் அல்லரோ என்பது அவர் வினா. இது அரசியல் அறிவுரை மட்டும் அன்று. மனிதன் இறந்தபின் எஞ்சுவது அவன் மக்கள் என்னும் பழைய நம்பிக்கை இதன் அடியில் உள்ளது. அந்த நம்பிக்கை சோழன் வாழ்வில் உடைந்துபோயிற்று. தான் எஞ்ச வேண்டிய இடத்திலேயே தனக்கு எதிராக வாள் எழக் கண்டவன் அவன்.

அவன் போரைக் கைவிட்டு, ஆற்றிடைக்குறையில் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பு மேற்கொண்டான். இதனைச் சமணரின் சல்லேகனையோடு ஒப்பிடுவோர் உளர். புறத்தோற்றத்தில் ஒப்புமை உண்டு. ஆனால் சமண நோன்பு வினை நீக்கத்தை நாடுவது. சோழனை அங்கே இருத்தியதோ மானம். அந்நிலையில் அவனே பாடிய 214-ஆம் பாடல் இதற்குச் சான்று பகரும்.

நல்வினை செய்வோமா வேண்டாவா என்று தயங்கி நிற்பாரை அவன் முதலில் கடிகிறான். யானை வேட்டைக்குச் சென்றவன் யானையோடு திரும்புதலும் உண்டு, சிறு பறவையை நாடிச் சென்றவன் வெறுங்கையோடு மீளுதலும் உண்டு. ஆதலின் உயர்ந்ததையே குறிக்கொள்ள வேண்டும் என்கிறான். அதன்பின் படிப்படியாக இறங்கி வருகிறான். நல்வினைக்கு மேலுலக இன்பம் பயனாகலாம். அந்த இன்பம் இல்லையேல், மீண்டும் பிறவாமை கிட்டலாம். மறுபிறப்பே இல்லை என்றாலும், இமயச் சிகரம்போல் தன் புகழை நிறுத்திப் பழியற்ற உடம்போடு சாதல் சிறப்புடையது.

இப்பாடலைப் புகழின் பெருமை கூறும் பாட்டாகவே பலரும் விளக்குவர். அது பாதி உண்மை. சாகத் துணிந்து அமர்ந்த ஒருவன், மேலுலகம் உண்டு என்று அடித்துக் கூறவில்லை. இல்லை என்றும் கூறவில்லை. ஒவ்வொரு படியிலும் ‘ஆயின்’ என்னும் ஐயத்தை வைக்கிறான். ஒன்று பொய்த்தால் மற்றொன்று, அதுவும் பொய்த்தால் வேறொன்று என இறங்கி, எந்த ஐயமும் தீண்டாத ஒரு படியைத் தேடுகிறான். அந்தக் கடைசிப் படியாக அவனுக்குக் கிடைத்தது புகழ்.

இந்த நேர்மை அருமையானது. பிற்காலத்து மணிமேகலையில் இவ்வையங்கள் கட்சிகளாகப் பிரிந்து வாதிடக் காண்கிறோம். உடம்போடு உயிரும் அழியும், மறுமை இல்லை எனப் பூதவாதி கூறுகிறான். முற்பிறப்பை அறிந்த மணிமேகலையோ நகைத்து, உன் தாய் தந்தையரையேனும் அனுமானத்தால் அன்றி வேறு எவ்வாறு அறிந்தாய் என்று கேட்கிறாள். வாதம் அழகியது. ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் தம் விடை முன்னரே தெரியும். சோழனுக்குத் தெரியாது. அதனாலேயே அவன் குரல் நமக்கு அண்மையில் ஒலிக்கிறது.

புகழ் போதுமா?

தொகுப்பு 214-ஆம் பாடலோடு முடிந்திருந்தால், புகழே எஞ்சும் என்பதைச் சங்ககாலத்தின் முடிந்த விடையாகக் கொள்ளலாம். நம் மேடைகளில் அவ்வாறே கூறப்பட்டும் வருகிறது. ஆனால் தொகுத்தோர் அங்கே நிறுத்தவில்லை. சோழன் இறந்தபின் எஞ்சியிருந்தோரின் குரலையும் அவர்கள் தொடர்ந்து வைத்தனர்.

அவ்வாறு எஞ்சியோருள் தலையாயவர் பொத்தியார். சோழனோடு வடக்கிருக்க விரும்பிய அவரை, உன் மனைவிக்கு மகன் பிறந்தபின் வருக என்று சோழன் திருப்பி அனுப்பினான். தன் மக்களால் நெஞ்சு புண்பட்ட ஒருவன், பிறக்கப்போகும் நண்பனின் மகவை எண்ணி அவ்வாறு சொன்னான் என்பதை நாம் மறத்தல் ஆகாது. பொத்தியார் உறையூர்க்கு மீண்டார். பெருங்களிற்றைப் பல்லாண்டு பேணிய பாகன் அதனை இழந்தபின் வெறுங்கூடத்தைக் கண்டு கலங்குவதுபோல், அரசனற்ற மன்றத்தைக் கண்டு கலங்கினார். இது 220-ஆம் பாடல்.

அடுத்த பாடலில் அவர் நடுகல்லின் முன் நிற்கிறார். சோழன் கேட்ட புகழ் அவனுக்குக் கிடைத்துவிட்டது. அவன் கொடையையும் செங்கோலையும் பொத்தியாரே வரிசைப்படுத்திப் பாடுகிறார். கல்லும் நடப்பட்டுவிட்டது. ஆயினும் அவர் ஆறுதல் அடைந்தாரா? இல்லை. இத்தகையவனைக் கொண்டுசென்ற கூற்றத்தை ஏசுவதற்குச் சக புலவர்களை அழைக்கிறார். சோழன் எந்த ஐயமும் தீண்டாது என்று நம்பிய கடைசிப் படி, எஞ்சிநின்ற நண்பனின் துயரைத் தாங்கவில்லை. புகழ் அறியாதார்க்கும் எட்டுவது. அறிந்தார்க்கோ அது போதாது.

222-ஆம் பாடல் இன்னும் ஒரு படி செல்கிறது. மகன் பிறந்துவிட்டான். பொத்தியார் சொன்ன சொல் தவறாமல் வந்து, கல்லை நோக்கிப் பேசுகிறார். என்னை விலக்கி அனுப்பிய அன்பற்றவனே என்று உரிமையோடு சினக்கிறார். நீ என்னை எண்ணாமல் இருந்திருக்க மாட்டாய், எனக்கு உரிய இடம் எது என்று கேட்கிறார். பாடல் முடியும்போது சோழனைப் புகழை விரும்பியவன் என்று விளிக்கிறார். உரையாசிரியர் பலர் இதனை வெறும் பாராட்டாகக் கொண்டு கடந்துவிடுவர். 214-ஆம் பாடலை நினைவில் வைத்துப் படித்தால் அவ்விளியின் கூர்மை விளங்கும். ‘புகழ் வேண்டும் என்றாய், பெற்றாய், என் இடம் எங்கே?’ என்பதே அதன் பொருள். நட்பின் சார்பில் புகழுக்கு எதிராக எழுந்த வழக்கு இது.

‘இடம்’ என்னும் சொல்

இச்சொல் இத்தொகுதியில் முன்னரே விதைக்கப்பட்டுள்ளது. பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையார் சோழனை நேரில் கண்டவர் அல்லர். தன் பெயரைக் கேட்டால் சோழன் பெயரையே சொல்லும் அளவுக்கு உணர்ச்சி ஒத்தவர். அவர் வரமாட்டார் என்று பிறர் ஐயுற்றபோது, அவர் வருவார், அவருக்கும் இடம் ஒதுக்குங்கள் என்று சோழன் ஆணையிட்டான். இது 216-ஆம் பாடல். மேலுலகம் உண்டா என்பதில் உறுதியில்லாத அம்மனிதன், நண்பன் வருவான் என்பதில் மட்டும் எள்ளளவும் ஐயம் கொள்ளவில்லை. அவன் பேச்சில் ‘ஆயின்’ நுழையாத ஒரே இடம் அது. ஆந்தையாரும் வந்தார்.

உயிரோடிருந்தபோது ஒருவருக்கு இடம் ஒதுக்கியவன், இறந்தபின் மற்றவருக்கு இடம் தருவானா? இவ்வினாவுக்கு 223-ஆம் பாடல் விடை கூறுகிறது. கல்லாக நிற்கும் நிலையிலும், பழைய நட்புரிமை உடையவர் தம்மிடம் வந்தால் இடம் கொடுத்து அருள்வர் என்று பொத்தியார் பாடுகிறார். அந்நட்புக்கு அவர் கூறும் உவமை, உயிர் உடம்பின்மேல் வைத்துள்ள உரிமை. உயிரும் உடம்பும் பிரிந்து கிடக்கும் இடத்தில் நின்றுகொண்டு, அப்பிணைப்பையே பிரியாமைக்கு உவமையாக்குகிறார். உடம்பும் உயிரும் பிரியலாம். அவை போன்ற இருவரின் உரிமை பிரியவில்லை என்பது குறிப்பு.

கல் எவ்வாறு இடம் தரும்? இது துயருற்ற ஒருவரின் கற்பனைதானே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய வினாவே. பொத்தியார் ஆவியைக் கண்டதாகக் கூறவில்லை. வானிலிருந்து குரல் கேட்டதாகவும் பாடவில்லை. அவர் கூறுவது உரிமை ஒன்றையே. இறந்தவனிடம் இன்னும் உரிமையோடு சினக்கவும் கேட்கவும் ஒருவர் இருக்கும்வரை, அவனுடைய ஏதோ ஒன்று முடியவில்லை. அது இறந்தவனுக்குள் இருக்கும் பொருள் அன்று. இருவருக்கும் இடையே இருந்தது. ஒருவர் போனபின்னும் மற்றவர் அதன் மறுமுனையைப் பற்றி நிற்கிறார். ஆன்மா உண்டா என்னும் வாதத்தில் இவ்விடை எப்பக்கமும் சாயவில்லை. எப்பக்கம் வென்றாலும் இது தோற்பதும் இல்லை.

கல்லும் சொல்லும்

நடுகல் நடுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு துறைகளாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. கல்லை நட்டதோடு கடமை முடிவதில்லை. வாழ்த்துவோர் வேண்டும் என்பது இவ்வரிசையிலேயே அடங்கியுள்ளது. வாழ்த்துவோர் இல்லாத கல்லின் கதி என்ன? 2006-இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் பட்ட அந்தவன் என்பானுக்கு உரியது. பல நூற்றாண்டுகள் படிப்பாரின்றிக் கிடந்த கல் அது. இன்று அவன் பெயரை அறிவோம். அவன் சிரிப்பை அறியோம். அவனை எண்ணி அழுதவள் யார் என்றும் அறியோம்.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல் சற்றுக் கூடுதலாகப் பேசுகிறது. மகேந்திரவர்மன் காலத்தில், எருமைகளைக் காக்கும் போரில் வீரன் ஒருவன் பட்டான். கோவிவன் என்னும் அவன் நாய் இரு கள்வரைக் கடித்து அவன் அருகே நின்றது. வீரனோடு நாயின் பெயரையும் உருவத்தையும் கல்லில் சேர்த்தார் யாரோ ஒருவர். அந்த ஒருவர் அவ்வீரனையும் நாயையும் அறிந்தவராகவே இருந்திருப்பார். வெறும் புகழ் நாயின் பெயரைக் கேட்காது, அன்பு கேட்கும்.

கோப்பெருஞ்சோழனின் கல்லோ நம் கைக்கு வரவில்லை. ஆயினும் அந்தவனைவிட அவனை நாம் நன்கு அறிவோம். அவன் ஐயம், அவன் மானம், நண்பன்மேல் அவன் வைத்த உறுதி ஆகிய அனைத்தும் நமக்குத் தெரியும். காரணம் கல் அன்று. கல்லோடு பேசிய பொத்தியார்.

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு இப்பாடல்கள் தனிப்பொருள் உடையன. முதலில் வந்தோர்க்கு இந்நகரங்களில் கிடைத்தவை ஓர் அறையும் பாய் விரிக்க ஓர் இடமும். ஊரிலிருந்து அடுத்து வந்தவன் கேட்டதும் இடமே; நெருக்கத்திலும் அது மறுக்கப்படவில்லை. அத்தலைமுறையினருள் பலர் இன்று இல்லை. அவர்களுக்குக் கல் நடப்படவில்லை. அவர்கள் சாம்பலை இந்நிலத்து ஆறுகளே ஏற்றன. அவர்கள் பெயர் நம் பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக நிற்கிறது. அவ்வெழுத்து யாருடையது, அவர் எதற்குச் சிரிப்பார், எதற்குச் சினப்பார், யாருக்கு இடம் கொடுத்தார் என்று சொல்வார் இல்லையேல், அதுவும் படிப்பாரற்ற கல்லாகிவிடும்.

இறந்தபின் எஞ்சுவது எது என்று சோழன் தன்னை நோக்கிக் கேட்டான். அவன் படிகள் புகழில் வந்து நின்றன. பொத்தியார் அவ்வினாவைத் திருப்பி, இறந்தவனிடம் எனக்கு எஞ்சியிருக்கும் உரிமை எது என்று கேட்டார். அவருக்கு இடம் கிடைத்தது. மேலுலகம் பற்றிய நம் நம்பிக்கை எதுவாயினும், இந்த இரண்டாவது வினாவைக் கேட்கும் பொறுப்பு இருப்பவர்களாகிய நம்முடையது. அதைத் தமிழில் கேட்பதற்கு நம் பிள்ளைகள் பழகியிருக்க வேண்டும்.