நன்னன் மலையும் நம் மலையும்

பத்துப்பாட்டின் கடைப்பாட்டு மலைபடுகடாம். 583 அடிகளில் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன் சேய் நன்னன். கூத்தராற்றுப்படை என்பது மற்றொரு பெயர். இவ்வளவும் தேர்வெழுதும் மாணவன் அறிவான். அந்த நன்னனின் செங்கண்மா இன்று திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்பதும், பாட்டில் வரும் நவிரமலை அதே மாவட்டத்துப் பர்வதமலை என ஆராய்ச்சியாளர் கருதுவதும் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் திருவண்ணாமலைக்கு வருகின்றனர், மலையைச் சுற்றுகின்றனர், போகின்றனர். அவர்தம் பையிலே அருணாசல புராணச் சுருக்கம் உண்டு. மலைபடுகடாம் இல்லை.

பையில் இல்லாததைக்கூடப் பொறுக்கலாம். பாடஞ்சொல்லும் புலவர்கள் செய்திருப்பதைப் பொறுத்தல் அரிது. "இயற்கை வருணனை" என்ற ஒரு முத்திரையைக் குத்திப் பாட்டைப் பரணில் ஏற்றிவிட்டனர். வருணனையா அது? வருணிப்பவன் மலையைத் தொலைவில் நின்று பார்ப்பான். பச்சை என்பான், பசுமை என்பான், பஞ்சணை என்பான். பெருங்கௌசிகனார் எள்ளைச் சொல்லும்போது, ஒரு பிடிக்கு ஏழு காய் கொள்ளும் அளவு முற்றியது என்று கணக்குச் சொல்கிறார். தினை, அவரை, வரகு, வெண்சிறுகடுகு, இஞ்சி, கவலைக்கிழங்கு, கூவை, வாழை, மூங்கில், நாவல், மா, ஆசினிப்பலா என்று ஒவ்வொன்றும் அதனதன் பருவத்தோடு வருகிறது. அழகை அளந்தவரின் எழுத்தன்று இது. விளைச்சலை அளந்தவரின் எழுத்து.

பாட்டின் பெயரையே எடுத்துக்கொள்வோம். மலையை யானையாக்கி, மலையில் எழும் ஓசைகளை அந்த யானையின் மதமாக்கியதால் வந்த பெயர். என்னென்ன ஓசைகள்! அருவியின் இரைச்சல், வேங்கைப் பூவைப் பறிக்கப் புகுந்த பெண்கள் "புலி, புலி" என்று எழுப்பும் ஆரவாரம், புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் நோவாற்ற மனைவி பாடும் பாட்டு, பாறைப் பிளவில் குட்டியை நழுவவிட்ட மந்தியின் கதறல், தேனெடுப்போர் கூச்சல், கிளி கடியும் தட்டையின் ஒலி, கரும்பாலையின் ஓசை, தினை குற்றுவோர் பாடல். மனிதன் ஓசை எது, விலங்கின் ஓசை எது என்று கோடு கிழிக்காமல் அனைத்தையும் ஒரே வரிசையில் வைத்தாரே, அதில்தான் இப்பாட்டின் பேரறிவு இருக்கிறது எனக் கருதுகிறோம். காடு போனால் தேனீ மட்டுமா போகும்? தேனெடுப்பவனின் கூவலும் போகும். தினை போனால் குற்றும் பாட்டும் போகும். உயிர்வகையையும் பண்பாட்டு வகையையும் சேர்த்தே காக்கவேண்டும் என்று வெப்பமண்டல நாடுகளின் அறிஞர் இன்று பேசுகின்றனர். 800-க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் பப்புவா நியூகினியா, காட்டுவளத்திலும் மிக்க நாடு என்பதை அவர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. நன்னனைப் பாடிய புலவர் எடுத்துக்காட்டுத் தேடவில்லை; காதால் கேட்டதை எழுதினார்.

புராணத்து மலையோ வேறு. பிரமனும் திருமாலும் அடிமுடி தேடிய தீத்தூண் அது. மலையே இலிங்கம் என்பர். மலையே இறைவனாயின், அந்த இறைவன் மேனியில் இருந்த மரங்களை யார் வெட்டினர்? கோடைதோறும் பற்றிய தீயை யார் அணைத்தனர்? பக்தி பெருகிய நூற்றாண்டிலேயே மலை மொட்டையாயிற்று. ஏறத்தாழ 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் எரிய, சரிவிலே மண் அரித்துக்கொண்டிருந்தது.

நேர்மையோடு இதையும் எழுதவேண்டும்: 1980-களின் இறுதியில் அங்கே மீண்டும் மரம் நடத் தொடங்கியோர் பெரும்பாலும் அந்த மலையின்மேல் பற்றுக்கொண்டு வந்தவர்களே. பின்னர் வனத்துறையும் 'காட்டு வழி' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர்கொண்ட அறக்கட்டளையும் உழைத்தன. உள்ளூர் விதைகளைத் திரட்டி, நாற்றுவளர்த்து, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டிக் கீழ்ச்சரிவுகளைப் பசுமையாக்கியிருக்கின்றனர். தைலமரத்தை நட்டுவிட்டுக் காடு என்று கணக்கெழுதும் வழக்கத்தை அவர்கள் பின்பற்றவில்லை. அம்மண்ணுக்குரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களைத் தேடினர். அவர்களை வணங்கச் சொன்னது நம்பிக்கையாக இருக்கலாம். நாற்றுக்கு நீர் ஊற்றச் சொன்னது அறிவு.

பகுத்தறிவு இளைஞரிடம் ஒரு கடினமான கேள்வியை வைக்கவேண்டும். புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு ஐயனார் காடு இன்றும் நிற்கிறது. திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயிற்காடு 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வெட்டினால் சாமி கேட்கும் என்ற அச்சம் காத்த மரங்கள் இவை. அச்சத்தை அகற்றிவிட்டால் மரமும் அகன்றுவிடாதா? அகலும், வெறுங்கையோடு அச்சத்தை மட்டும் அகற்றினால். மலைபடுகடாத்திலும் நவிரத்தின் கடவுள் உண்டு, மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அப்பாட்டின் குறவர் காட்டில் வாழ்வது கடவுளை அஞ்சியன்று. பன்றிக்குப் பொறி வைத்த இடம் எது, கவண்கல் பறக்கும் வழி எது, பாம்பு உறையும் குழி எது என்ற அறிவோடு வாழ்கின்றனர். அவ்வழி செல்லும் கூத்தருக்கும் அவ்வறிவைச் சொல்லி அனுப்புகிறார் புலவர். அச்சத்தின் இடத்தை நிரப்ப வல்லது அந்த அறிவே. அது ஏட்டில் மட்டும் இருந்தால் போதாது. அந்தச் சரிவிலே வாழ்பவனிடம் இருக்கவேண்டும். அவன் அங்கே பிழைக்கவும் முடியவேண்டும்.

பிழைக்க முடிகிறதா? அதே மாவட்டத்து ஜவ்வாதுமலைக்கு வருவோம். மலையாளிப் பழங்குடியினர் சாமை விளைவிக்கும் மலை. மேற்குத் தொடர்ச்சி மலை 2012-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்த ஜவ்வாதுக்கு அப்படி எந்தப் பட்டமும் இல்லை. சாமை சோறு போட்ட காலம் போய்க் கூலி தேடும் காலம் வந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தனர் என்று காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட இருபதின்மரில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலையூர்களைச் சேர்ந்தவர்கள். மோதல் என்றது காவல்துறை. மனித உரிமையாளர் அதை ஏற்கவில்லை. செம்மரம் உலகில் வேறெங்கும் இயல்பாய் வளராத, அந்த மலைகளுக்கே உரிய மரம். அதை வாங்கிக் கடத்தியவன் வீட்டில் இருந்தான்; ஒருமலையின் அரிய உயிரை வெட்ட இன்னொரு மலையின் மக்கள் அனுப்பப்பட்டனர். இரண்டு அழிவும் ஒரே கணக்கேட்டில்!

2024 டிசம்பர் 1 அன்று, பெஞ்சல் புயலின் மழையில் அண்ணாமலைச் சரிவு சரிந்தது. மலையடியில் குடியிருந்த ஏழு பேர் மாண்டனர், ஐவர் சிறார். சில நாள் கழித்து 13-ஆம் நாள் தீபத்தின்போது பக்தர்கள் மலையேறத் தடை விதித்தனர். மலையை உயிரற்ற பீடமாக எண்ணியோர்க்கு மலைக்கும் மண் உண்டு, நீர் உண்டு, எடை உண்டு என்பது அன்று தெரிந்தது. சரிவில் வேறிடமின்றிக் குடியேறிய ஏழையைக் குற்றவாளி என்போர், அவனுக்குச் சமவெளியில் ஒரு மனை கொடுத்தோமா என்று முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இனி, பாட்டுக்குத் திரும்புவோம். முழவு, ஆகுளி, கொம்பு, குழல், தூம்பு, எல்லரி, பதலை என்று கருவிகளைச் சுமந்துசெல்லும் கூத்தரிடம் தொடங்குகிறது மலைபடுகடாம். அம்மாவட்டத்துப் புரிசை இன்றும் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். செங்கம் கோயிலில் ஒரு பழங்கல்வெட்டு நன்னன் வெற்பைப் பாட்டோடு சேர்த்தே நினைவுகூர்கிறது. உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பித்தது 1889-இல், ஏடு அச்சேறிவிட்டது. ஏட்டிலுள்ள செடி எது என்று கவலைக்கும் கூவைக்கும் உரைகாரரின் ஒருசொல் விளக்கத்தோடு நின்றுகொண்டிருக்கிறோம். விடுமுறைக்கு ஜவ்வாது ஏறும் இளைஞர் நூலைக் கையிலே கொண்டுபோய், கிழங்கு தோண்டி உண்ட முதியோரிடம் பெயரையும் பருவத்தையும் கேட்டு எழுதிவரட்டும். நூலில் இல்லாத பெயர்கள் வந்தால் அவற்றையும்.