மன்னன் முன் மறைநூல்

குருமடத்தில் பயின்ற நாள்களில் பொஸ்ஸுவே எங்களுக்கு நாவன்மையின் இலக்கணமாக அறிமுகமானார். அவருடைய அடக்க மறையுரைகளே மறையுரைக் கலைக்கு முன்மாதிரி என்று கற்பிக்கப்பட்டது. அவர் எழுதிய அரசியல் நூலொன்று உண்டென்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். 'திருவிவிலியத்தின் சொற்களிலிருந்தே பெறப்பட்ட அரசியல்' என்பது அதன் பெயர். அண்மையில் அதனை மீண்டும் படித்தபோது எழுந்த கலக்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நூல் பிறந்த காலத்தை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். பிரபுக்கள், மாகாணங்கள், நகரங்கள், நீதிமன்றங்கள் எனப் பலரிடமும் சிதறிக் கிடந்த அதிகாரம் பிரான்சில் ஒரே மையத்தை நோக்கி இழுக்கப்பட்ட காலம் அது. 1614-இல் கூடிய மூவகையார் பேரவை 1789 வரை மீண்டும் கூட்டப்படவில்லை. மாகாணங்களில் அரசனின் ஆணையர்கள் வரி, நீதி, காவல் அனைத்தையும் கண்காணித்தனர். அரசாணைகளைப் பதிவு செய்யுமுன் ஆட்சேபிக்கும் உரிமையை உயர் நீதிமன்றங்கள் 1673-இல் இழந்தன. 1682-இல் அரசவை வெர்சாயில் குடிபுகுந்தது. திருச்சபையும் விலகி நிற்கவில்லை. 1516-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஆயர்களை நியமனம் செய்ய முன்மொழிந்தவன் அரசனே.

1670-இல் பட்டத்து இளவரசனுக்கு ஆசிரியரான பொஸ்ஸுவே, அவனுக்காகவே இந்நூலைத் தொடங்கினார். 1704-இல் அவர் இறந்தபின், 1709-இல்தான் அது அச்சேறியது. 1648 முதல் 1653 வரை நாட்டைக் குலைத்த உள்நாட்டுக் கலகத்தை இளமையில் கண்டவர் அவர். ஒழுங்கின்மீது அவருக்கிருந்த பற்றை நாம் எளிதில் எள்ளிவிட இயலாது. முழுமையான ஆட்சி வேறு, மனம்போன ஆட்சி வேறு என்று அவர் பிரித்துக் காட்டும் இடம் நூலின் சிறந்த பகுதி. இறைச்சட்டத்திற்கும் பகுத்தறிவிற்கும் அரசன் கட்டுப்பட்டவன். குடிமக்களின் உடைமை அவனுடையதன்று. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பறித்த ஆகாபை அவர் தயங்காமல் கண்டிக்கிறார்.

ஆயினும் சாமுவேல் முதல் நூலின் எட்டாம் அதிகாரத்தில் அவர் கால் இடறுகிறது. உங்கள் புதல்வரையும் வயல்களையும் மந்தைகளையும் அரசன் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் மக்களை எச்சரிக்கிறார். அரசனுக்கு இவ்வாறு செய்யும் உரிமை இல்லை என்பதைப் பொஸ்ஸுவே ஒப்புக்கொள்கிறார். ஆனால், அப்படிச் செய்தாலும் மண்ணுலக நீதி எதுவும் அவனைத் தண்டிக்க இயலாது என்று முடிக்கிறார். கொடுமைக்கு எதிராக மக்களுக்கு அவர் விட்டுவைப்பவை பணிவான முறையீடும் மன்றாட்டும் மட்டுமே. இறைவாக்கினரின் எச்சரிக்கை இவ்வாறு அரசனின் காப்புறுதியாகிவிடுகிறது. ஆகாபைக் கண்டித்த நூலில், அவன்முன் சென்று நிற்கும் எலியாவுக்கு இடமில்லை.

சோதனை விரைவிலேயே வந்தது. 1685-இல் நாந்து ஆணையைப் பதினான்காம் லூயி விலக்கினான். புராட்டஸ்டன்ட் வழிபாடு தடைசெய்யப்பட்டது. ஏறத்தாழ 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். அடுத்த ஆண்டு அடக்க மறையுரை ஒன்றில் பொஸ்ஸுவே அரசனைப் புதிய கான்ஸ்டன்டைன் எனப் போற்றினார். நாங்கள் வியந்து படித்த அதே நாவன்மைதான் அங்கும் ஒலித்தது.

இன்னொரு ஆசிரியரை இங்கே அருகில் வைத்துப் பார்க்கலாம். 1689-இல் அரசனின் பேரனுக்குக் கற்பிக்க வந்தவர் பெனெலோன். அவருடைய 'தெலெமாக்' கதை 1699-இல் அவர் இசைவின்றியே வெளிவந்தது. போரையும் ஆடம்பரத்தையும் அது கண்டித்ததை வெர்சாய் தன்மீது எய்த அம்பாகவே கொண்டது. இலக்கியமாகப் பார்த்தால் அதில் குறைகள் உண்டு. மெந்தோரின் அறிவுரைகள் நீள்கின்றன. அவர் சீர்திருத்தும் சலெந்து நகரில் மக்கள் ஏழு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, அவரவர் அணியும் உடைகூட மேலிருந்தே விதிக்கப்படுகிறது. மையத்தைக் கண்டிக்கும் நூல், நல்லதொரு மையத்தையே மருந்தாகத் தருகிறது! பெனெலோனும் 1685-க்குப் பின் புராட்டஸ்டன்ட் மக்களை மனமாற்ற அரசின் சார்பில் சென்றவர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

எனினும், அவர் பெயரிடாமல் அரசனுக்கு எழுதிய ஒரு கடிதம் உண்டு. 1693, 1694 ஆண்டுகளின் பஞ்சத்தில் பிரான்சு பத்து லட்சத்துக்கும் அதிகமான உயிர்களை இழந்தது. அக்காலத்தில் எழுந்த அக்கடிதம் பசித்த மக்களைப் பற்றிப் பேசுகிறது. வெறும் புகழுக்காக நடந்த போரைப் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டுகிறது. அரசனுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட குருவையும் பாரிஸ் பேராயரையும்கூட விட்டுவைக்கவில்லை. அலங்காரம் குறைந்த அச்சில பக்கங்களை நான் இரு பெருநூல்களுக்கும் மேலாக வைப்பேன். அங்கே எலியா வந்துவிடுகிறார்.

இரு நூல்களும் தம் நம்பிக்கையை அரசனின் மனச்சான்றின்மேல் கட்டின. பொஸ்ஸுவேயின் மாணவன் 1711-இல் இறந்தான். பெனெலோனின் மாணவன் 1712-இல் இறந்தான். இருவருள் எவனும் அரியணை ஏறவில்லை. தனியொருவனின் நற்பண்பை மட்டும் நம்பி எழுப்பிய அரசியலுக்கு வரலாறு தந்த விடை அது.

மறையுரை மேடையில் நிற்கும் என்னைப் போன்றோருக்கு எஞ்சும் கேள்வி வேறு. பொஸ்ஸுவே விவிலியத்தை அறியாதவரல்லர். நம்மில் பலரைவிட ஆழ்ந்து அறிந்தவர். அறிந்திருந்தும் சாமுவேலின் குரல் அவர் ஏட்டில் தணிந்தது. தம்மை உயர்த்திய கைக்கு எதிரே அமர்ந்து அவர் விவிலியத்தைத் திறந்தார். நாம் அதைத் திறக்கும்போது நம் எதிரே அமர்ந்திருப்பவர் யார்?