எலியைக் கண்டார்கள், தெள்ளைக் காணவில்லை

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்கு ரயிலில் செல்லும் வாசகர்கள், மணியாச்சிக்கு அப்பால் தட்டப்பாறை என்னும் சிறு நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். சுற்றிலும் கரிசல் வெளி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு முகாம் இருந்தது. தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போகவிருந்த நம் மக்கள், பிளேக் நோயை உடன் கொண்டுபோய்விடக் கூடாதே என்று அங்கே தடுத்து வைக்கப்பட்டார்கள்.

இந்த முறை புதிதன்று. 1377இல் ஏட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்த ரகூசா நகரம், நோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோரை 30 நாள் வெளியே நிறுத்தியது. பின்னர் அது 40 நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' பிறந்தது. 1546இல் வெரோனா நகர மருத்துவர் பிரகாஸ்டோரோ, கண்ணுக்குத் தெரியாத வித்துகளால் நோய் ஒட்டுகிறது என்று எழுதினார். நுண்ணோக்கி இல்லாத அந்த மறுமலர்ச்சிக் காலத்தில் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்க முடியும்? அவர்களை நான் குறை கூறமாட்டேன். என் குறையெல்லாம், நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் கையில் வைத்திருந்தவர்கள் மீதுதான்.

1894இல் ஹாங்காங்கில் எர்சின் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தார். நம் பாடங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகின்றன. ஆனால் கிருமி எலியிடமிருந்து மனிதனுக்கு எப்படித் தாவுகிறது என்பது அப்போது தெரியாது. 1896இல் பம்பாயில் நோய் பரவியது. மறு ஆண்டே கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. வீடுகள் சோதனையிடப்பட்டன, சுவர்களுக்குச் சுண்ணாம்பும் தரைக்குக் கிருமிநாசினியும் போடப்பட்டன, மனிதர்கள் பிரித்து வைக்கப்பட்டார்கள். இந்தச் சட்டம்தான் 2020இல் கொரோனாவின்போதும் கையில் எடுக்கப்பட்டது.

பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் வேறு இடத்தில் பார்வையைச் செலுத்தினார். அப்போதுதான் செத்த எலியைத் தொட்டவனுக்கு நோய் வருகிறது. செத்து வெகுநேரமான எலியைத் தொட்டவனுக்கு வருவதில்லை. ஏன்? உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சிகள் அதைவிட்டு ஓடிவிடுகின்றன. 1898 ஜூனில் கராச்சியில், நோயுற்ற எலியைத் தெள்ளுகளுடன் கண்ணாடிச் சாடியில் இட்டார். அதற்கு மேலே கம்பிவலைக் கூண்டில் நல்ல எலி ஒன்றைத் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொடவே முடியாது. சில நாளில் மேலே இருந்த எலியும் பிளேக்கால் செத்தது. தெள்ளு இல்லாமல் செய்து பார்த்தபோது நல்ல எலி பிழைத்தது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்று பரிசோதனைச் சாலையில் நாங்கள் மாணவர்களிடம் ஓயாமல் சொல்கிறோமே, அதுதான் இது.

அதே ஆண்டில் அமைக்கப்பட்ட இந்திய பிளேக் கமிஷன், எடின்பரோ பேராசிரியர் பிரேசரின் தலைமையில், இந்தக் கருத்தை ஒதுக்கித் தள்ளியது. நியாயமாகப் பேசுவோம். சிமோனின் சோதனைகள் மிகச் சிலவே. வேறு சிலர் செய்தபோது பலிக்கவில்லை. எலித் தெள்ளு மனிதனைக் கடிப்பதே இல்லை என்று வாதாடியவர்களும் உண்டு. அவர்கள் பார்த்தது ஐரோப்பிய எலியின் தெள்ளு, இந்திய எலியினுடையதன்று. ஆகவே, ஐயப்பட்டது தவறில்லை. "நிரூபிக்கப்படவில்லை" என்பதை "இல்லை" என்று எடுத்துக்கொண்டதே தவறு. ஒரு சாடி, ஒரு கூண்டு, இரண்டு எலி: பம்பாயில் இவற்றுக்கா பஞ்சம்? திரும்பச் செய்து பார்த்திருக்கலாம்!

அதைச் செய்ய 1905இல் வேறொரு குழு வர வேண்டியதாயிற்று. பம்பாய்ப் பரேலில் சிறு குடிசைகள் கட்டி, தெள்ளு நிறைந்த தரையிலிருந்து 2 அங்குல உயரத்தில் ஒரு கூண்டும் 2 அடி உயரத்தில் ஒரு கூண்டும் வைத்தார்கள். கீழ்க் கூண்டுக் கினிப்பன்றிகளுக்கு நோய் வந்தது. மேலே இருந்தவற்றுக்கு வரவில்லை. தெள்ளு தாவுவது ஏறத்தாழ 4 அங்குலந்தான்! அளவுகோல் ஒன்றே வழக்கைத் தீர்த்துவிட்டது. காற்றில் பரவும் நோயாக இருந்தால் இரண்டடி உயரம் அதற்கு ஒரு பொருட்டா?

இடையில் போன ஆண்டுகள் சாதாரணமானவை அல்ல. 1907இல் மட்டும் இந்தியாவில் பிளேக்கால் இறந்தோர் 10 லட்சத்துக்கும் மேல். உண்மை தெரிந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. எலியை ஒழிப்பது எளிதன்று. ஆனால், எலி செத்து விழுந்தால் வீட்டைவிட்டு வெளியேறிவிடும் வழக்கம் கார்வால், குமாவூன் மலைக் கிராமங்களில் முன்பே இருந்தது. தெள்ளைப் பற்றி அறியாமலே அதனிடமிருந்து தப்பும் வழி அது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்களைவிட அவர்கள் உண்மைக்கு அருகில் இருந்தார்கள்.

தட்டப்பாறைக்கு வருவோம். இவ்வளவு காவலுக்குப் பிறகும் 1914இல் கொழும்பில் பிளேக் தோன்றியது. அந்நகர நுண்ணுயிரியலாளர் ஹர்ஸ்ட் எலிகளைப் பிடித்து, அவற்றின் தெள்ளுகளை இனம் இனமாகப் பிரித்து எண்ணினார். அவருடைய ஆய்வு சுட்டிக்காட்டியது, கரிசல் காட்டில் தடுத்து வைக்கப்பட்ட தொழிலாளியை அன்று. துறைமுகத்தில் இறங்கிய தானியத்தையும், அதனோடு வந்த எலியையும் தெள்ளையும்.