திருத்தப்பட்ட வாய்

பள்ளிக்கூடத்தில் ஒதுக்கப்பட்டவன்தான் பின்னால் பெரிய ஆளாக வருவான் என்ற பேச்சை அடிக்கடி கேட்க நேர்கிறது. ஒதுக்கியவர்களுக்கு இதைவிட வசதியான தத்துவம் கிடைக்காது. அவர்கள் செய்த அவமதிப்பு, பயிற்சி என்று பேர் மாறிவிடுகிறது. என்றாலும் இதை ஒரேயடியாகப் பொய்யென்று தள்ளவும் என்னால் முடியவில்லை. பிரதிகளை வாசிக்க என்னிடம் ஏதாவது காது இருக்குமானால், அது அங்கே முளைத்ததுதான்.

ஆறாம் வகுப்புக்குக் கரிசல் கிராமத்திலிருந்து டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று வாத்தியார் கேட்டார். "சோறும் கத்திரிக்கா வெஞ்சனமும் சார்." வகுப்பே சிரித்தது. "பொரியல்னு சொல்லுடா" என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மாவைத் திருத்தினேன். "சரிய்யா, பொரியல்தான்" என்றாள். அதற்கப்புறம் என் முன்னால் அவள் தட்டில் வைக்கும் எதற்கும் பேர் சொல்வதில்லை. "இதக் கொஞ்சம் வச்சுக்கோ" என்பதோடு சரி.

எம்.ஏ. படிக்கும்போது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் வெஞ்சனம் இருந்தது, வடமொழி வியஞ்சனத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு. வாத்தியார் தோற்றுப்போனார் என்று சந்தோஷப்பட்டேன். யோசித்தால் அது எவ்வளவு கேவலமான சந்தோஷம்! அம்மா சொன்னபோது நான் கொடுக்காத மரியாதையை அகராதி சொன்னதும் கொடுத்திருக்கிறேன். அதிகாரத்தின் ஆசனம் மாறியதே தவிர, நான் கைகட்டி நின்றது மாறவில்லை.

2022இல் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஆனி எர்னோவின் 'லா ப்ளாஸ்' (1983) என்ற நூலை வாசித்தபோது இதெல்லாம் ஞாபகம் வந்தது. நார்மண்டியில் இவெத்தோ என்ற சிற்றூரில் மளிகையும் குடிப்பகமும் சேர்ந்த கடை நடத்தியவர்களின் மகள் எர்னோ. படித்தது கத்தோலிக்கத் தனியார் பள்ளியில். வகுப்பில் ஆசிரியை தன் பேச்சைத் திருத்த, அவள் வீட்டுக்கு வந்து அப்பாவின் பேச்சைத் திருத்தப்போய் அவரைச் சினமூட்டுகிறாள். வெளியாளாக்கப்படும் பிள்ளைதான் பள்ளிக்கூடத்தின் தூதனாக வீட்டுக்குள் நுழைகிறது என்பதை இத்தனை ஈவிரக்கமில்லாமல் சொன்ன பிரதிகள் குறைவு. பின்னாளில் இலக்கிய ஆசிரியையாகி, பள்ளி கொடுத்த மொழி முழுவதும் கைவந்த பிறகு, அப்பாவைப் பற்றி எழுத அவர் தேர்ந்தது அலங்காரமற்ற தட்டையான நடை. முன்பு பெற்றோருக்குக் கடிதம் எழுதிய அதே நடை. வெளியாளாக இருந்ததன் 'பயன்' என்று ஒன்று உண்டென்றால், அது இந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

பாமாவின் 'கருக்கு' (1992) இன்னும் கடுமையான இடத்தில் நிற்கிறது. மற்றப் பிள்ளைகளோடு விளையாடிய தலித் சிறுமிமேல் தேங்காய்த் திருட்டுப் பழி விழுகிறது. தலைமையாசிரியர் சாதியைச் சொல்லி ஏசுகிறார். இதையும் என் வெஞ்சனத்தையும் ஒரே வரிசையில் வைத்தால் அது மோசடி. நான் வார்த்தையை மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். சாதிக்கு அப்படி மாற்றுச்சொல் கிடையாது. 'வெளியாள்' என்று பொதுப்படையாகப் பேசுவது இந்த வித்தியாசத்தைத்தான் முதலில் மறைக்கிறது. ஆனால் பாமா தன் தெருவின் பேச்சைத் திருத்தாமல் அப்படியே அச்சேற்றினார். தமிழ் உரைநடையே அதற்கு இடம்விட்டு நகர வேண்டியதாயிற்று.

உள்ளே பிறந்தவனுக்கு விதிகள் கண்ணில் படுவதில்லை. அவனுக்கு அவை காற்று மாதிரி. வெளியிலிருந்து வருபவன் அவற்றை எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். அந்த வாசிப்பு பிற்காலத்தில் உதவும், வாஸ்தவம். ஆனால் கணக்கில் இரண்டு பத்தி வேண்டும். அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், என்னைவிட அதிகம் சிரிப்புக்கு ஆளானவன், எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். அவனுக்கும் விதிகள் தெரிந்துதான் இருந்தன. எழுத இடம்தான் கிடைக்கவில்லை. ஆக, ஒதுக்கல் யாரையும் வளர்ப்பதில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்ல ஒரு இடம் கிடைத்தவர்கள் வளர்கிறார்கள். அந்த இடத்துக்கான விலையை வீட்டில் யாரோ மௌனமாகக் கட்டியிருக்கிறார்கள்.

போன மாதம் ஊருக்குப் போனபோது வேண்டுமென்றே கேட்டேன்: "இன்னைக்கு என்னம்மா வெஞ்சனம்?"

"பொரியல்தாம்யா" என்றாள்.